வக்கீல் ஆகாமல் சட்டம் படிக்கலாமா? – வாசகர் கேள்விகள்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள், சட்டம் படிக்காத பட்டதாரிகளுக்கென்று முதுநிலைப் படிப்புகள் நடத்துகின்றன. அவற்றில் தேசியப் பாதுகாப்பு, வெளியுறவுச் சட்டப் பிரிவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

ராணுவத் துறைக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனியில் வேலை. ஜே.டி., எல்.எல்.எம்., எம்.எஸ்.எல்., எம்.எல்.எஸ்., எம்.ஜே. என்று எங்கே பார்த்தாலும் எழுத்துகளாக இருக்கிறது. எனக்கு எது?
– மென்பொருள் பொறியாளர், வர்ஜீனியா

ஜே.டி. என்பது வக்கீல் தொழிலுக்கான மூன்றாண்டுப் படிப்பு. எல்.எல்.எம். ஏற்கெனவே சட்டப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு. மற்ற மூன்றும் ஒரே சரக்குதான். கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறுகிறது. உங்களுக்கு உரியது அந்த மூன்றில் ஒன்று. பெரும்பாலும் 30 கிரெடிட்டை ஒட்டி இருக்கும். முழுநேரமாகப் படித்தால் இரண்டு செமஸ்டர். வேலையில் இருந்துகொண்டே மாலையில் படித்தால் இரண்டாண்டுக்கு மேல் இழுக்கும். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டைப் பல கல்லூரிகள் கேட்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, வக்கீல் லைசென்ஸுக்கான பார் தேர்வு எழுத முடியாது. பின்னால் ஜே.டி. சேர்ந்தால் இந்தக் கிரெடிட்டுகள் கழியும் என்றும் நம்பிச் சேராதீர்கள்.

கல்லூரி விளம்பரத்தில் ‘அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகாரம்’ என்று போட்டிருப்பார்கள். அது அந்தக் கல்லூரியின் ஜே.டி. படிப்புக்கான அங்கீகாரம். மற்ற பட்டங்களை அந்த அமைப்பு தரம் பார்த்து அங்கீகரிப்பதில்லை, ஜே.டி. படிப்புக்குக் குந்தகம் வராதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஆகவே தரத்தை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். ஜே.டி. மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருவீர்களா, அல்லது தனியாகப் பதிவு செய்த காணொளிகளா? பாதுகாப்புச் சட்டப் பாடங்களில் எத்தனை ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றன, எத்தனை பட்டியலில் மட்டும் இருக்கின்றன? மாலையில் எவை? கடந்த இரண்டு செமஸ்டர்களின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பாடப் பட்டியலில் இருபது தலைப்பு மினுக்கும். அட்டவணையில் ஐந்து இருந்தால் ஐந்துதான்.

அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். படித்ததையே திரும்பப் படிக்கிற மாதிரி இருக்குமா?
– பள்ளி ஆசிரியை, நியூ ஜெர்சி

இருக்காது. அதிபர் ஏன் அப்படிச் செய்தார் என்று அரசியல் அறிவியல் கேட்கும். செய்ய அவருக்கு அதிகாரம் தந்தது யார், எந்த வரியில் தந்தார்கள் என்று சட்ட வகுப்பு கேட்கும்.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் சில வாரங்களுக்குள் 1952-ஆம் ஆண்டின் எஃகு ஆலை வழக்கு வந்துவிடும். கொரியப் போர் நடக்கிறது. எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆலைகளை அரசே எடுத்து நடத்தும்படி அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8 அன்று தம் வணிகத் துறைச் செயலர் சாயருக்கு ஆணையிடுகிறார். யங்ஸ்டவுன் உள்ளிட்ட கம்பெனிகள் நீதிமன்றம் போகின்றன. ஜூன் 2-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதிபர் தோற்கிறார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக். ஆனால் இன்றுவரை எல்லோரும் எடுத்து ஓதுவது, முடிவோடு உடன்பட்டுத் தனியாக எழுதிய நீதிபதி ஜாக்சனின் தீர்ப்பைத்தான். அதிபரின் அதிகாரத்தை அவர் மூன்று படிகளாக வைத்தார். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ இசைந்திருந்தால் அதிபரின் கை மிக வலுவானது. காங்கிரஸ் எதுவும் சொல்லாமல் இருந்தால் அந்தி வெளிச்சம் மாதிரி. அன்றைய நிலைமையைப் பொறுத்தது. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் அரசியல் சாசனம் அவருக்கென்றே தந்தது மட்டும்தான் மிஞ்சும். ட்ரூமன் மூன்றாம் படியில் விழுந்தார்: 1947-இல் டாஃப்ட்–ஹார்ட்லி தொழிலாளர் சட்டம் வந்தபோதே, வேலைநிறுத்தத்துக்கு ஆலையைக் கைப்பற்றும் வழியைத் தரலாமா என்று பேசி, காங்கிரஸ் வேண்டாம் என்று விட்டிருந்தது.

மற்ற வழக்குகள் இந்த மூன்று படிகளை வைத்தே நகரும். 1981-இல் ஈரான் பணயக் கைதிகள் விடுதலைக்காகச் செய்த ஏற்பாட்டில், அமெரிக்கர்கள் ஈரான்மீது போட்டிருந்த வழக்குகளை அதிபர் நிறுத்தி வைத்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். காங்கிரஸ் நெடுங்காலம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது அங்கே இசைவுக்குச் சமமாக எடுக்கப்பட்டது. 2015-இல் ஜெருசலேமில் பிறந்தவரின் பாஸ்போர்ட்டில் ‘இஸ்ரேல்’ என்று போடலாமா என்ற வழக்கில், மூன்றாம் படியில் நின்றே அதிபர் ஜெயித்தார். வேற்று அரசை அங்கீகரிக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உரியது என்று தீர்ப்பானது. பாட நூலில் 1936-இன் கர்ட்டிஸ்–ரைட் வழக்கும் இருக்கும். வெளியுறவில் நாட்டின் ஒரே குரல் அதிபர் என்ற அதன் வாசகத்தை அரசு வக்கீல்கள் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். அந்த வழக்கிலேயே அதிபருக்குக் காங்கிரஸின் இசைவு இருந்தது என்பதை எதிர்த் தரப்பு நினைவூட்டும். இந்த இழுபறிதான் பாடம்.

இதற்குமேல் ஒப்பந்தச் சட்டம். செனட்டில் வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டிய உடன்படிக்கை ஒன்று, அது இல்லாமல் அதிபர் செய்துகொள்ளும் நிர்வாக ஒப்பந்தம் இன்னொன்று. உடன்படிக்கை தானாகவே உள்நாட்டு நீதிமன்றத்தில் செல்லுமா என்பது 2008-இன் மெடெயின் வழக்கு. பிறகு 1978-இன் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம், அதன் ரகசிய நீதிமன்றம், வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரைக் கண்காணிப்பதற்காக 2008-இல் அதில் சேர்ந்த 702-ஆம் பிரிவு, குவாண்டநாமோ சிறைக் கைதிகளின் வழக்குகள், அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம், சைபர். போரில் எது செய்யலாம், எது கூடாது என்று சொல்லும் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தைச் சில கல்லூரிகள் விருப்பப் பாடமாகவே வைத்திருக்கின்றன. உங்களுக்கு அதில் ஆர்வம் என்றால் சேரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடமாகக் கணக்கோடும் வரைபடத்தோடும் வாழ்ந்தவன். தீர்ப்புகளை எப்படிப் படிப்பது? வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?
– இயந்திரப் பொறியாளர், டெக்சாஸ்

நேரக் கணக்கு எளிது. சட்டக் கல்லூரிகள் பின்பற்றும் விதிப்படி ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி வகுப்பு, குறைந்தது இரண்டு மணி வீட்டு உழைப்பு, பதினைந்து வாரம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்று வாரத்துக்கு ஒன்பது மணி கேட்கும். வேலையோடு இரண்டு பாடம் என்றால் பதினெட்டு மணி. முதல் செமஸ்டரில் ஒன்று போதும். தீர்ப்பு மொழி பழகும்வரை எல்லாம் இரட்டிப்பு நேரம் எடுக்கும்.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: என்ன நடந்தது, கீழ் நீதிமன்றங்களில் என்ன ஆயிற்று, கேள்வி என்ன, விடை என்ன, எந்தக் காரணத்தால், மாறுபட்ட நீதிபதிகள் என்ன சொன்னார்கள். ‘கேள்வி’ என்ற வரியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். எஃகு ஆலை வழக்கில் ‘அதிபர் ஆலைகளை எடுக்கலாமா?’ என்று எழுதினால் பயனில்லை. ‘காங்கிரஸ் பரிசீலித்துத் தர மறுத்த ஒரு வழியை, போர்க்காலத்தில், தலைமைத் தளபதி என்ற முறையில் அதிபர் தாமே எடுத்துக்கொள்ளலாமா?’ என்று எழுதினால் அடுத்த வழக்கோடு ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும். விடை ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றாக வரும்படி கேள்வியை அமையுங்கள்.

பொறியாளர்கள் தேர்வில் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: விடை ஒன்றுதான் இருக்கும் என்று தேடி, அதைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். மூன்று மணித் தேர்வில் ஒரு பெரிய கற்பனைச் சம்பவம் தருவார்கள். உதாரணமாக, அதிபர் ஒரு நாட்டின்மீது ட்ரோன் தாக்குதலுக்கு ஆணையிடுகிறார், தரைப்படை போகவில்லை, எழுபது நாள் ஆகிவிட்டது. 1973-இன் போர் அதிகாரத் தீர்மானம் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு அறிக்கை கேட்கிறது. அதிலிருந்து 60 நாளுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் படையை விலக்கச் சொல்கிறது. பத்திரமாக விலக்குவதற்கு மட்டும் மேலும் 30 நாள். ‘கெடு தாண்டிவிட்டது, சட்டவிரோதம்’ என்று எழுதி முடித்தால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. கடிகாரத்தைத் தொடங்கி வைக்கும் சொல் ‘சண்டை’. ட்ரோன் மட்டும் பறப்பது சண்டை ஆகுமா? 2011-இல் லிபியா விஷயத்தில் ஒபாமா நிர்வாகம் ஆகாது என்று வாதாடியது. காங்கிரஸ் பணம் ஒதுக்கியது இசைவாகுமா? அந்தத் தீர்மானமே, பணம் ஒதுக்கியதை மட்டும் வைத்து அனுமதி என்று கொள்ளக் கூடாது என்கிறது. வழக்குப் போட யாருக்கு உரிமை, நீதிமன்றம் இதைத் தொடுமா? இந்தக் கிளைகள் ஒவ்வொன்றையும் இரு தரப்பாகவும் எழுதி, எது வலுவானது என்று கடைசியில் ஒரு வரி. மதிப்பெண் கிளைகளுக்குத்தான்.

விதி, அதைப் பொருத்துதல், முடிவு என்ற வரிசையில் எழுதுங்கள். வழக்கின் முழுக் கதையைத் திரும்ப எழுத வேண்டாம். திருத்துபவருக்கு அது தெரியும்.

கிரீன் கார்டு இருக்கிறது. இந்தப் பட்டம் வாங்கினால் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைத்து, அரசு வேலைக்குப் போகலாமா?
– தரவு ஆய்வாளர், மேரிலாந்து

இல்லை. அதிகம் வந்த கேள்வி இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி, குடிமக்களுக்கு மட்டும். அபூர்வமாகச் சில வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட ஒரு வேலைக்காகக் குறுகிய அனுமதி தருவார்கள்; அதை நம்பித் திட்டம் போட முடியாது. மத்திய அரசின் போட்டி முறைப் பணியிடங்களும் பொதுவாகக் குடிமக்களுக்கே. முதலில் குடியுரிமை, பிறகு கிளியரன்ஸ் தேவைப்படும் வேலை, அந்த வேலை கொடுப்பவர் உங்களுக்காகத் தொடங்கும் விசாரணை என்பதுதான் வரிசை. தானாக விண்ணப்பிக்க வழியே கிடையாது. காசு கொடுத்தால் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது மோசடி.

குடிமகன் ஆன பிறகு நிரப்ப வேண்டியது எஸ்.எஃப்-86 படிவம். பத்தாண்டு முகவரிகள், வேலைகள், வெளிநாட்டு உறவினர், வெளிநாட்டுச் சொத்து, பயணம் எல்லாம் கேட்கும். முடிவு 13 அளவுகோல்களின்படி. நம்மவர்கள் பயப்படுவது வெளிநாட்டுத் தொடர்பு என்ற அளவுகோலுக்கு: ‘ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்கள், அங்கே வீடு இருக்கிறது, அவ்வளவுதானா?’ என்று. அதுவே மறுப்பு ஆகிவிடாது. எந்த நாடு, உறவினர் அரசுப் பணியில் இருக்கிறார்களா, அங்கே இருக்கும் சொத்து இங்கே இருப்பதோடு ஒப்பிட எவ்வளவு என்று எடை போடுவார்கள். உண்மையில் ஆட்களைக் கவிழ்ப்பவை வேறு: கட்டாத கடன், மாநிலத்தில் சட்டப்படி செல்லும் என்று நினைத்துப் புகைத்த கஞ்சா (மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம்), எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்தில் மறைத்தது. ஊரில் பெரியப்பா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் நிலத்தில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இந்தியக் குடியுரிமை அன்று. ஆனாலும் படிவம் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். எழுதியது கேள்வியாக வரும். எழுதாதது குற்றச்சாட்டாக வரும்.

கிளியரன்ஸ் வேண்டாத வேலைகளும் இந்தத் துறையில் நிறைய உண்டு. வங்கிகளில் பொருளாதாரத் தடைப் பிரிவு, கம்பெனிகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவு, வெளிநாட்டு முதலீட்டை ஆராயும் ஆலோசனை நிறுவனங்கள். கிரீன் கார்டோடு இப்போதே போகக்கூடிய இடங்கள் அவை.

பட்டம் வாங்கியதும் ‘சட்ட ஆலோசகர்’ என்று கார்டு அடித்துக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், இல்லினாய்

கூடாது. லைசென்ஸ் இல்லாமல் சட்ட ஆலோசனை தருவது மாநிலச் சட்டப்படி தண்டனைக்குரியது. பல மாநிலங்களில் குற்ற வழக்கே போடலாம். ‘கம்ப்ளயன்ஸ்’, ‘பாலிசி’, ‘ரிஸ்க்’ என்ற சொற்களோடு பதவிப் பெயர் போட்டுக்கொள்ளுங்கள்.

செமிகண்டக்டர் கம்பெனியில் சப்ளை செயின் பார்க்கிறேன். ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று தினமும் காதில் விழுகிறது. இந்தப் படிப்பு அதற்கு உதவுமா?
– வாசகி, அரிசோனா

இந்தப் படிப்பு யாருக்கு முழுப் பணத்துக்கும் பயன் தரும் என்று கேட்டால் உங்களைப் போன்றவர்களைத்தான் முதலில் சொல்வோம். உங்கள் மேஜையில் ஏற்கெனவே கேள்விகள் கிடக்கின்றன.

மூன்று அலுவலகங்கள், மூன்று விதித் தொகுப்புகள். ராணுவப் பொருள், அதன் தொழில்நுட்பத் தகவல் என்றால் வெளியுறவுத் துறையின் ஐடார். ராணுவத்துக்கும் பொதுத் தேவைக்கும் உதவும் இரட்டைப் பயன்பாட்டுப் பொருள் என்றால் வணிகத் துறையின் ஈ.ஏ.ஆர். யாரோடு வியாபாரம் செய்யலாம் என்பது, பொருளாதாரத் தடைகளைக் கவனிக்கும் கருவூலத் துறையின் ஓஃபாக் அலுவலக விதிகள். எது எதன்கீழ் வரும் என்று தீர்மானிப்பதே பாதி வேலை.

தவறு நடப்பது துறைமுகத்தில் அல்ல, அலுவலகத்துக்குள். எச்-1பி விசாவில் இருக்கும் ஒரு பொறியாளர், அதே கட்டடத்தில் உட்கார்ந்து, பொது டிரைவில் கிடக்கும் கட்டுப்பாடுள்ள ஒரு வரைபடத்தைத் திறக்கிறார். பெட்டி எதுவும் நாட்டைத் தாண்டவில்லை. ஆனால் ஈ.ஏ.ஆர். கணக்கில் அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதி நடந்துவிட்டது. எந்த நாடு? ஈ.ஏ.ஆர். அவர் கடைசியாகப் பெற்ற குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமையைப் பார்க்கும். ஐடார் அவர் முன்பு வைத்திருந்த குடியுரிமை, வசிப்புரிமை எல்லாவற்றையும் பார்க்கும். ஒரே ஆள், ஒரே கோப்பு, இரண்டு விடை. எச்-1பி மனுவான ஐ-129 படிவத்தின் 6-ஆம் பகுதியில் கம்பெனி இதைப் பற்றித்தான் உறுதிமொழி தருகிறது. மனிதவளத் துறை அந்தக் கட்டத்தை யாரையும் கேட்காமல் டிக் அடிப்பது பல இடங்களில் நடக்கிறது. உங்கள் கம்பெனியில் யார் அடிக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

கிரீன் கார்டுக்காரரை ஐடார் ‘அமெரிக்க நபர்’ என்றே கொள்கிறது. அகதியாக, புகலிடம் பெற்றவராக இருப்பவரும் அப்படியே. ‘ஐடார் வேலை, குடிமக்கள் மட்டும்’ என்று விளம்பரம் செய்யும் கம்பெனி, வேறு சட்டமோ அரசு ஒப்பந்தமோ அப்படிக் கேட்காதபோது, பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு விதிக்குப் பயந்து இன்னொன்றை மீறுவது இந்தத் துறையின் பழைய வியாதி.

ஓஃபாக் பக்கத்தில் 50 சதவீத விதி. தடைப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு ஒரு கம்பெனியில் 30 சதவீதம், பட்டியலில் இருக்கும் இன்னொருவருக்கு 25 சதவீதம் என்றால், கூட்டினால் 55. அந்தக் கம்பெனியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் தடைக்குள் வந்துவிடும். பெயரை மட்டும் மென்பொருளில் தட்டிப் பார்த்து ‘கிளியர்’ என்று அனுப்புவோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பதிவேடுகளை ஐந்தாண்டு வைத்திருந்தால் போதும் என்ற பழைய பழக்கத்தையும் மாற்றுங்கள்: ஓஃபாக் விதி 2025 மார்ச் 12 முதல் பத்தாண்டு. வேண்டுமென்றே மீறினால் 10 லட்சம் டாலர்வரை அபராதம், 20 ஆண்டுவரை சிறை.

இவ்வளவையும் ஒரு வாரப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தருவார்கள், உண்மைதான். விதி மாறாதவரை அது போதும். இந்தத் துறையில் விதி அடிக்கடி மாறும். மாறிய விதியை மத்திய அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் நேரே படித்து, அது எந்தச் சட்டத்தின் எந்த அதிகாரத்தில் நிற்கிறது, கம்பெனி வக்கீலிடம் எதைக் கேட்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் முகாமில் வராது.

சென்னையில் பி.டெக்., அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து ஓ.பி.டி.யில் இருக்கிறேன். அடுத்து எம்.எஸ்.எல். சேர்ந்தால் இன்னொரு ஓ.பி.டி. கிடைக்கும்தானே?
– வாசகர், கலிஃபோர்னியா

கிடைக்காது. மாணவர் விசாவில் இருப்பவர் படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் பன்னிரண்டு மாத ஓ.பி.டி. அனுமதி ஒரு கல்வி நிலைக்கு ஒரு முறைதான். எம்.எஸ்.-உம் முதுநிலை, எம்.எஸ்.எல்.-உம் முதுநிலை. எம்.எஸ்.-ஸில் எடுத்துவிட்டீர்கள், முடிந்தது. முதன்முறையாக முதுநிலைக்கு வருபவர்களுக்கு ஓ.பி.டி. உண்டு, ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டங்களுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு இந்தப் பட்டத்துக்கு இல்லை. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில், படிப்பின் துறையைக் குறிக்கும் சி.ஐ.பி. எண்ணைப் பாருங்கள்: 22 என்று தொடங்கினால் அது சட்டப் பிரிவு, ஸ்டெம் பட்டியலில் வராது.

இன்னொன்று: முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசாவே தரமாட்டார்கள். இந்தப் பட்டங்களில் பல ஆன்லைன்தான். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், ‘இந்தப் படிப்புக்கு ஐ-20 தருவீர்களா?’ என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். விசாவை நீட்டிக்க மட்டும் என்றால், இவ்வளவு செலவு பிடிக்கும் வழியில் போகாதீர்கள்.

தமிழ்நாட்டில் பி.எல். முடித்து மூன்றாண்டு பிராக்டீஸ். எம்.எஸ்.எல். சேரலாமா?
– வழக்கறிஞர்

உங்களுக்கு எல்.எல்.எம். தான். நியூயார்க் பார் தேர்வை மனத்தில் வைத்திருந்தால், எல்.எல்.எம்.மில் குறைந்தது 24 கிரெடிட் வேண்டும். தொழில் ஒழுக்கம், சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம் மூன்றிலும் தலா 2, தேர்வில் வரும் பாடங்களில் 6 என்று அதற்குள் பிரிவு உண்டு. தேசியப் பாதுகாப்பில் சிறப்புப் பட்டம் எடுத்தால் அந்தப் பாடங்களே இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்தப் பன்னிரண்டு கிரெடிட்டை முதலில் போட்டுவிட்டு மிச்சத்தில் சிறப்புப் பாடம் எடுங்கள். சேருவதற்கு முன்பே உங்கள் சட்டப் பட்டம் தகுதியானதா என்று நியூயார்க் பார் தேர்வு வாரியத்திடம் மதிப்பீடு கேட்டுவிடுவது நல்லது. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

செலவை எப்படிச் சமாளிப்பது?
– இரண்டு வாசகர்கள்

கட்டணம் கிரெடிட் கணக்கில் வரும். தனியார் கல்லூரிகளில் கடுமை. கம்பெனி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர்வரை உங்களுக்கு வரி இல்லை. அதனால் டிசம்பரில் ஒரு பாடம், ஜனவரியில் ஒரு பாடம் என்று கட்டணத் தேதியைப் பிரித்தால் இரண்டு ஆண்டின் உச்சவரம்பும் கிடைக்கும். ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்குக் கிரெடிட்டுக்கு 250 டாலர், ஆண்டுக்கு 4,500 வரை உதவி உண்டு.

கடன் வாங்க நினைப்பவர்கள் புதுச் சட்டத்தைக் கவனியுங்கள். 2025-இல் வந்த மாற்றப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, முதுநிலை மாணவருக்கு மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. முதுநிலை மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000. ஆண்டுக்கு 50,000 என்ற பெரிய வரம்பு தொழிற்பட்டங்களுக்கு, ஜே.டி. அதில் வரும், எம்.எஸ்.எல். வராது. சட்டக் கல்லூரியில் படிப்பதால் பெரிய கடன் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

விண்ணப்பக் கட்டுரையில் என்ன எழுதுவது?
– செவிலியர், ஃப்ளோரிடா

‘சிறு வயதிலிருந்தே நீதியில் ஆர்வம்’ வேண்டாம். உங்கள் வேலையில் சட்டம் குறுக்கே வந்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்திருந்தால், போர்க் கைதிக்குச் சிகிச்சை தருவதில் மருத்துவப் பணியாளரின் கடமை என்ன என்ற கேள்வி ஒன்றே கட்டுரைக்குப் போதும். அதற்கு அந்தக் கல்லூரியின் எந்த இரண்டு பாடங்கள் உதவும் என்று பாடத்தின் பெயரோடு எழுதுங்கள். சிபாரிசுக் கடிதத்தில் ஒன்றாவது உங்கள் எழுத்தைப் பார்த்தவரிடமிருந்து வரட்டும். மேலதிகாரி உங்கள் உழைப்பைப் புகழ்வதைவிட, நீங்கள் எழுதிய அறிக்கையைப் புகழ்வது எடுபடும். இந்தியாவில் மூன்றாண்டு பி.எஸ்ஸி. முடித்தவர்கள், அது இங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுமா என்று முதலிலேயே கேளுங்கள். சில கல்லூரிகள் மதிப்பீட்டு அறிக்கை கேட்கும், சில நேரே தள்ளிவிடும்.

குடிமகன், கிளியரன்ஸ் இருக்கிறது. வகுப்பில் கசிந்த ரகசிய ஆவணங்களைப் படிக்கச் சொன்னால் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், வாஷிங்டன் வட்டாரம்

படிக்காதீர்கள். செய்தித்தாளில் வந்துவிட்டது என்பதால் ஆவணத்தின் ரகசியத் தரம் நீங்கிவிடாது. கிளியரன்ஸ் உள்ளவர் அதைச் சொந்த மடிக்கணினியில் இறக்கினால் பாதுகாப்பு மீறலாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். செமஸ்டர் தொடங்கும் வாரத்திலேயே பேராசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வாஷிங்டன் பக்கத்துக் கல்லூரிகளில் இது புதிதல்ல, மாற்று வாசிப்பு தருவார்கள். நீதிமன்றமே வெளியிட்ட தீர்ப்பும், அரசு முறைப்படி ரகசியம் நீக்கி வெளியிட்ட ஆவணமும் தாராளமாகப் படிக்கலாம்.

நீங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் இது உண்டு. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், வேலையைத் தொடும் எழுத்தை வெளியிடும் முன் தங்கள் துறையின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வகுப்பில் பேராசிரியருக்கு மட்டும் கொடுக்கும் கட்டுரையும் அதில் அடங்குமா என்பது துறைக்குத் துறை மாறும். கட்டுரைத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் அலுவலகப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள். பரிசீலனை வாரக்கணக்கில் இழுக்கும்; கல்லூரியின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது. அதைவிட, உங்கள் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்பை எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை: அணுசக்திப் பிரிவில் இருப்பவர் ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றி எழுதட்டும்.